லகுவாட்டா ஜெரால்ட்டனா: ரெண்டு பாலைவன மறைமாவட்டங்கள்

அல்ஜீரியால இருக்கிற லகுவாட் மறைமாவட்டம் (ஒரு கத்தோலிக்க பிஷப்போட பொறுப்புல இருக்கிற பகுதி) கிட்டத்தட்ட 21 லட்சம் சதுர கிமீ, அல்ஜீரியாவுக்குள்ள இருக்கிற சஹாராவோட பெரும்பகுதி அதுக்குள்ளதான், மேற்கு ஆஸ்திரேலியாவோட ஜெரால்ட்டன் சுமார் 13 லட்சம், அதுவே பல நாடுகளை விட பெருசு. ஆனா பரப்பளவு மட்டும் பாத்தா விஷயம் புரியாது.

ஜெரால்ட்டன்ல ஊருக்கு ஊர் கோயில் இருக்கு, ஸ்கூல் இருக்கு, பங்கு மக்கள் இருக்காங்க, தூரம்தான் பிரச்சனை. 1915ல அங்க போன ஜான் ஹாஸ்ங்கிற சாமியார் ஆர்க்கிடெக்டும் கூட, கதீட்ரலை (பிஷப்போட தலைமைக் கோயில்) டிசைன் பண்ணி 1916ல ஆரம்பிச்சு 1938லதான் முடிச்சாங்க. அதே மறைமாவட்டத்துல முல்லெவாங்கிற ஊர் கோயிலுக்கு அவரே கல்லு செதுக்கி கட்டினார், பூசை வைக்கிற அதே கையில உளி!

லகுவாட் வேற மாதிரி. சுத்தி முழுக்க முஸ்லிம் மக்கள், கத்தோலிக்கர் ரொம்ப ரொம்ப கம்மி, அதுலயும் நிறைய பேர் ஆப்பிரிக்காவோட மத்த நாடுகள்ல இருந்து வந்த மாணவர்களும் வேலைக்கு வந்தவங்களும். பிஷப் இருக்கிறது கர்தாயாங்கிற ஊர்ல, அங்கிருந்து தெற்கே தமன்ராசெட் ஊருக்குப் போகணும்னா ஆயிரம் கிமீக்கு மேல. அங்கதான் புனித சார்லஸ் தெ ஃபூக்கோ சஹாராவோட துவாரெக்ங்கிற பழங்குடி மக்களோட வாழ்ந்து, அவங்க பாஷைக்கு அகராதி எழுதி, 1916 டிசம்பர் 1ல சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோட கல்லறை எல் மெனியாங்கிற ஊர்ல இருக்கு. 2022ல புனிதர் பட்டம் குடுத்தாங்க.

கட்டடம் பாக்க ஆசைன்னா ஜெரால்ட்டன். என் மனசு லகுவாட் பக்கம்தான், யாரையும் மதம் மாத்தணும்னு இல்லாம பக்கத்து வீட்டுக்காரனா கூட இருக்கிறதையே ஊழியமா செய்றாங்களே, அதுக்காக.