ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர் மெயில்: எங்கள் வீட்டில் நிலைத்த ஏற்பாடு

வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், பயன்படுத்துவது நாலு பேர், ஆனால் மெயிலும் காலண்டரும் அவரவருக்குத் தனியாக வேண்டும் என்று கேட்டால் என் பதில் இது: விண்டோஸிலேயே ஆளுக்கொரு யூசர் கணக்கு வையுங்கள், அந்தக் கணக்குக்குள் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமைத் திறந்து அவரவர் மெயிலை மட்டும் சேருங்கள். வேறு வழிகளும் எங்கள் வீட்டில் ஓடியிருக்கின்றன. வருடக்கணக்கில் நிலைத்தது இது ஒன்றுதான்.

திருச்சியில் எங்கள் ஹாலில் ஒரு டெஸ்க்டாப். மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன், பேங்க் மெயில்களைத் தினமும் காலையில் பார்த்துவிடுவார். கணவருக்குப் பெயின்ட் கடை. மகள் பிளஸ் டூ. நான் வீட்டிலிருந்தபடி சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் என் மெயிலில் அடுத்தவர் பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கிடக்கும். வீட்டு ஆட்கள் என்றாலும் அவர்கள் கண்ணில் அது படக்கூடாது.

முதலில் ஒரே தண்டர்பேர்டில் நாலு பேர் மெயிலையும் சேர்த்து வைத்திருந்தோம். இடது பக்கம் வரிசையாக நாலு இன்பாக்ஸ், பார்க்க வசதிதான். ஆனால் அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். புது மெயில் எழுதத் தொடங்கும்போது, எந்தக் கணக்கின் ஃபோல்டர் திறந்திருக்கிறதோ அந்தக் கணக்கின் முகவரியே அனுப்புநர் இடத்தில் வந்து நிற்கும். அடுத்தது, நாம் யாருக்கு மெயில் அனுப்பினாலும் அந்த முகவரி தானாக ஒரு பட்டியலில் சேர்ந்துவிடும். அந்தப் பட்டியல் நாலு பேருக்கும் ஒன்றே. கணவர் கடை சப்ளையர் பெயரை அடிக்க ஆரம்பித்தால் மகளின் தோழிகள் பெயர் வரிசையாக வந்து நிற்கும். மாமா ஒருநாள் "ஏம்மா, இது யாருன்னே தெரியலையே, எனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டது என் கணக்கு வாடிக்கையாளர் ஒருவரின் பெயரை. அன்றைக்கே இதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அப்புறம் தண்டர்பேர்டின் புரொஃபைல் வசதிக்கு மாறினோம். திறக்கும்போதே யார் என்று கேட்டு, அவருடைய மெயில், முகவரிகள், காலண்டர் மட்டும் காட்டும். குழப்பம் தீர இது நல்ல வழி. கணவன் மனைவி இரண்டே பேர், ஒளிவுமறைவு தேவையில்லை என்கிற வீட்டுக்கு இதுவே போதும். ஆனால் புரொஃபைல் என்பது ஹாலில் போட்ட திரைச்சீலை மாதிரி, கதவு கிடையாது. பட்டியலில் யார் பெயரை யார் வேண்டுமானாலும் கிளிக் செய்யலாம். தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்டு என்று ஒன்று வைத்தால் மெயிலைப் பூட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது காப்பது சேமித்த பாஸ்வேர்டுகளைத்தான். ஏற்கெனவே இறங்கிய மெயில்களை, பாஸ்வேர்டு கேட்கும்போது கேன்சல் செய்துவிட்டும் படிக்கலாம். குரோம் புரொஃபைலும் இதே ரகம்தான். ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருப்பதால், வலது மூலைப் படத்தை அழுத்தினால் அடுத்தவர் ஜிமெயில் வந்துவிடும்.

விண்டோஸ் யூசர் கணக்கு அப்படியில்லை. தண்டர்பேர்டை ஒரு தடவை இன்ஸ்டால் செய்தால் போதும், ஒவ்வொருவர் நுழையும்போதும் அவருக்கென்று தனி புரொஃபைல் தானே உருவாகிவிடும். அது அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் இருப்பதால் இன்னொரு சாதாரண கணக்கிலிருந்து திறக்க முடியாது. இங்கே "சாதாரண" என்ற சொல் முக்கியம். அட்மின் கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால் எல்லார் ஃபோல்டரையும் திறக்கலாம். அதனால் நாங்கள் நாலு பேரும் சாதாரண கணக்குதான். அட்மின் என்று ஐந்தாவதாக ஒன்று, அதில் யார் மெயிலும் கிடையாது. ஏதாவது இன்ஸ்டால் செய்ய மட்டும் அந்தப் பாஸ்வேர்டு. அது என்னிடமும் கணவரிடமும் இருக்கிறது. மகளின் மெயிலைத் திறக்க அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம், பயன்படுத்தியதும் இல்லை. பிளஸ் டூ பிள்ளைக்கு எதற்குத் தனி பாஸ்வேர்டு என்று உறவில் கேட்டவர்கள் உண்டு. நுழைவுத் தேர்வு விண்ணப்பம், ஓடிபி, ஹால் டிக்கெட் எல்லாம் அவள் மெயிலுக்குத்தான் வருகிறது. அவள் பொறுப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் அது அவளுடையதாக இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மெயிலுக்காகச் செய்த ஏற்பாட்டில் மாமாவுக்குத்தான் பெரிய லாபம். எழுத்து அளவு, கீபோர்டு எல்லாம் கணக்குக்குக் கணக்கு மாற்றிக்கொள்ளலாம். அவருடைய கணக்கில் எழுத்து 150 சதவீதம், தட்டச்சு தமிழ்99, திரையில் இரண்டே ஐகான். முன்பெல்லாம் அவர் எழுந்ததும் மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சிறிதாக்குவாள், மறுநாள் அவர் தடுமாறுவார். இப்போது அவர் யாரையும் கூப்பிடுவதில்லை.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் லாக்-அவுட் செய்யாமல் சும்மா யூசர் மாற்றினால், அவர் திறந்து வைத்த புரோகிராம் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். 4 ஜிபி ரேமில் மூன்று பேர் அப்படி இருந்தால் மௌஸே நகராது. 8 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி போட்ட பிறகு தொந்தரவு இல்லை. எழுந்து போகும்போது திரையைப் பூட்ட விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்துவது நாலு பேருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது.

காலண்டர் வேறு விதம். மெயில் முழுக்கத் தனி. காலண்டரை முழுக்கத் தனியாக்கினால் குடும்பம் நடக்காது. ஒவ்வொருவருக்கும் கூகுள் காலண்டர் அவரவர் கணக்கில் இருக்கிறது. அதோடு "வீடு" என்று புதிதாக ஒரு காலண்டர் உருவாக்கி நாலு பேருக்கும் திருத்தும் உரிமையோடு பகிர்ந்திருக்கிறோம். சொந்தக் காலண்டரையே பகிராதீர்கள். நமக்கு மட்டுமான விஷயங்களும் அதில் கலந்து கிடக்கும். "வீடு" காலண்டரில் என்ன வரலாம் என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: இன்னொருவருடைய நேரத்தைத் தொடுகிற விஷயமா? மாமாவின் கண் செக்கப் வரும், ஏனென்றால் யாராவது கூட்டிப் போக வேண்டும். நவம்பரில் அவர் உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பதும் வரும். சொந்தக்காரர் கல்யாணம், மின்தடை நாள் வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் நாட்கள், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி, இவை என் காலண்டரிலும் கணவர் காலண்டரிலும் மட்டும். மகளின் மாதிரித் தேர்வு அவளுடையதில்.

தண்டர்பேர்டில் இதைச் சேர்ப்பது இப்போது சுலபம். புதுக் காலண்டர், நெட்வொர்க்கில் உள்ளது என்று தேர்ந்து ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் கூகுள் அனுமதி கேட்கும், அவ்வளவுதான். முன்பு இதற்கு ஒரு துணைநிரல் தேவைப்பட்டது. சேர்த்த பிறகு காலண்டரின் பிராப்பர்ட்டீஸில் நினைவூட்டல் காட்டவா என்ற டிக் இருக்கும், அதை ஆளுக்குத் தகுந்தபடி வையுங்கள், மாமாவுக்கு எடுத்துவிட்டோம். தண்டர்பேர்டு திறந்திருந்தால்தான் நினைவூட்டல் வரும், அதுவும் அந்த யூசரின் திரையில்தான். தவறவே கூடாத விஷயத்துக்குப் போன் அலாரத்தை நம்புவதே சரி.

அடுத்த வருடம் மகள் ஹாஸ்டல் போகும்போது லேப்டாப் வாங்க வேண்டும். ஐமேப் வழியாக இணைத்திருப்பதால் மெயிலெல்லாம் சர்வரிலேயே இருக்கிறது, புது இடத்தில் லாகின் செய்தால் வந்துவிடும். சர்வரில் இல்லாமல் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் லோக்கல் ஃபோல்டர்களில் எடுத்து வைத்ததும், கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய காலண்டரும் அப்படி வராது. இங்கே அவள் விண்டோஸ் கணக்கை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் தண்டர்பேர்டை மூடிவிட்டு அவளுடைய புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து, புது லேப்டாப்பில் திறந்து பார்த்த பிறகுதான் நீக்கப்போகிறோம்.