ஆணி அடிக்காத சுவர் வரைபடம்: தொடக்கப் பள்ளியில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மயிலாடுதுறை மாவட்டத்தின் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை ஊர் ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இந்தப் பாடத்துக்காகக் கைக்காசு போட்டு வாங்கிய பொருள்களில் இன்றுவரை உழைப்பது 2016-ல் வாங்கிய தமிழ்நாடு இயற்கையமைப்பு வரைபடம் ஒன்றுதான். துணியில் ஒட்டி, மேலே பளபளப்பான பூச்சுக் கொடுத்து, இரு முனையிலும் மரக்கட்டை கோத்த பழைய பாணி வரைபடம். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்பது அளவு. வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: வாங்குங்கள், ஆனால் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். தரையில் விரியுங்கள்.

சுவரில் தொங்கினால் வடக்கு என்பது கூரைப் பக்கம் என்றாகிவிடுகிறது. தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும் என்று தெரிந்த பிள்ளை, காவிரி மட்டும் ஏன் பக்கவாட்டில் போகிறது என்று கேட்கும். நல்ல கேள்விதான், ஆனால் அதை எழுப்பியது ஆறு அல்ல, ஆணி. வடக்கை வடக்காக வைத்துத் தரையில் விரித்தால் அந்தக் குழப்பமே எழுவதில்லை. மேட்டூர் மேற்குச் சுவர்ப் பக்கம் போகிறது, பூம்புகார் கடற்கரைப் பக்கம் வருகிறது. மேலத் தெருவிலிருந்து கீழத் தெருவுக்கு வாய்க்கால் ஓடும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. வங்காள விரிகுடாவில் உட்கார இடம்பிடிக்கத்தான் சண்டை.

இந்த வரைபடத்தின் முழுப் பயனும் ஜூன் மாதத்தில் தெரியும். குறுவை நெல் சாகுபடிக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. திறந்த அன்று மேட்டூரில் ஒரு சோழியை வைக்கிறோம். மறுநாளிலிருந்து செய்தித்தாளைப் பார்த்துச் சோழியை நகர்த்துவது ஐந்தாம் வகுப்பின் வேலை. முக்கொம்பு தாண்டி, மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கே ஒரு சோழி போதாது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழி பிரிகிறது. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளத்தின் வழி என்பதால் அந்தச் சோழியைக் கையிலேயே வைத்திருப்போம். கும்பகோணம் கடந்த பிறகு செய்தித்தாள் தேவையில்லை. மாமா ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, பெரியப்பா ஊருக்கு வரவில்லை என்று பிள்ளைகளே தகவல் கொண்டுவருவார்கள். தலைமடை, கடைமடை என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த விளையாட்டு எல்லா ஆண்டும் ஒழுங்காக நடக்காது. 2022-ல் மே 24 அன்றே அணையைத் திறந்துவிட்டார்கள். பள்ளி திறப்பதற்குள் தண்ணீர் கல்லணையைத் தாண்டியிருந்தது. 2024-ல் ஜூன் முழுக்கச் சோழி மேட்டூரைவிட்டு நகரவில்லை, ஜூலை 28-ல்தான் நகர்ந்தது. அந்த ஆண்டுதான் பிள்ளைகள் வரைபடத்தின் மேற்கு ஓரத்தைக் கவனித்தார்கள். மேட்டூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதுதான் இந்த வரைபடத்தின் பெரிய குறை. மாநில எல்லையோடு அச்சு நின்றுவிடுகிறது. காவிரி ஒகேனக்கல் அருகே வெள்ளைத் தாளிலிருந்து முளைத்து வருவதுபோல இருக்கிறது. குடகு மலை இல்லை, தலைக்காவிரி இல்லை. சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் 320 கிலோமீட்டர் கர்நாடகத்துக்குள் ஓடுகிறது, 64 கிலோமீட்டர் இரு மாநில எல்லையாக ஓடுகிறது, மீதி 416 கிலோமீட்டர் நம்முடையது. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தை மேற்கு ஓரத்தில் வைத்து மிச்ச ஆற்றை நாங்களே வரைந்துகொள்கிறோம். ஆற்று நீர்ப் பங்கீடு பற்றிப் பெரியவர்கள் பேசுவதை நாள்தோறும் கேட்கும் பிள்ளைகளுக்கு, பாதி ஆற்றைக் காட்டும் படத்தை விற்பது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கிளை ஆறுகளுக்குப் பெயர் போடாததும் குறைதான். அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன் எல்லாம் மெல்லிய நீலக் கோடுகள். நான் எழுதுகோலால் பெயர் எழுதினேன். மேற்பூச்சு இருப்பதால் வெள்ளைப் பலகை மார்க்கர் அன்றே துடைத்தால் போய்விடும். வாரக் கணக்கில் விட்டால் கை கழுவும் சானிடைசர் தொட்டுத் துடைக்க வேண்டும்.

வரலாற்றுக்கு இது இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கடற்கரையில் அளவுகோலை வைத்தால் தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் மூன்று சென்டிமீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டருக்குள் டேனியர் தரங்கம்பாடியில் (1620, தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு), பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் (1739), போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர் நாகப்பட்டினத்தில் (1658). காரைக்கால் மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்து "இது என்ன சார், ஓட்டையா?" என்று யாராவது ஒருவர் கேட்பார்; அங்கிருந்து பாடம் தொடங்கும். சமவெளியின் பச்சை நிறத்துக்குள் ஒரு மலைகூட இல்லையே, 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கருங்கல் ஏது என்ற கேள்வியும் இப்படித்தான் வந்தது.

உப்புச் சத்தியாகிரகத்துக்கு நூல் போதும். திருச்சிக்கும் வேதாரண்யத்துக்கும் நேராக நூலைப் பிடித்தால் பதின்மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 135 கிலோமீட்டர். 1930 ஏப்ரல் 13-ல் புறப்பட்ட ராஜாஜியின் குழு நடந்ததோ சுமார் 240 கிலோமீட்டர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று நூலை வளைத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏன் சுற்றிப் போனார்கள் என்று கேட்டால் வழி தெரியாமல் என்று முதலில் சொல்வார்கள், பிறகு ஊர் ஊராக ஆள் சேர்க்க என்பார்கள். தொண்டர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று தஞ்சை கலெக்டர் தோர்ன் எச்சரித்ததையும், மக்கள் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவைத்ததையும் சொன்னால், எந்த மரம் என்பதுதான் அடுத்த கேள்வி.

பண்பாட்டுப் பாடத்துக்கு வரைபடம் நேரடியாக உதவாது. ஐப்பசியில் காவிரியில் நீராடும் துலா முழுக்கைப் பார்த்த பிள்ளைக்கு அதில் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சோழி வைக்கச் சொன்னபோது சுவையான ஒன்று தெரிந்தது. பாட்டிமார் பிறந்த ஊர்கள் ஆற்றோரமாகவே வரிசை கட்டின. சித்தப்பாக்களின் சோழிகள் திருப்பூரிலும் சென்னையிலும் குவிந்தன. சில சோழிகளுக்கு வரைபடத்தில் இடமே இல்லை: சிங்கப்பூர், துபாய். அப்போதுதான் அலமாரியிலிருந்த பிளாஸ்டிக் உலக உருண்டைக்கு வேலை வந்தது. மற்ற நாள்களில் இரவு பகல் விளக்க மட்டுமே அதை எடுக்கிறேன். இரு பாதிகளை ஒட்டிய இடத்தில் நிலநடுக்கோடே விலகிக் கிடக்கிறது. பாடநூலின் கியூஆர் குறியீடுகள் சிக்னல் இருக்கும் நாளில் நன்று.

மாவட்ட எல்லைகள் காலாவதியாகிவிட்டன. படத்தில் 32 மாவட்டங்கள். இப்போது 38, கடைசியாகப் பிறந்தது 2020-ல் எங்கள் மயிலாடுதுறை. நான் திருத்தவில்லை. தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம், அக்காவின் பிறப்புச் சான்றிதழில் நாகப்பட்டினம், இன்றைய முகவரியில் மயிலாடுதுறை, வீடு ஒன்றுதான். நாகப்பட்டினம் பிரிந்த 1991-ஐயும் மயிலாடுதுறை பிரிந்த 2020-ஐயும் இதைவிட எளிதாகச் சொல்ல வழியில்லை.

உழைப்பைப் பற்றி: சன்னலோர வெயிலில் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துவிட்டன, நீலம் நிற்கிறது. அடைமழைக் காலத்தில் சுருட்டி வைத்தால் பூச்சுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. காற்றுப்பட விரித்துவைக்க வேண்டும். கரையானுக்குத் துணியைவிட மரக்கட்டைதான் பிடிக்கும். கீழ்க்கட்டையைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கிறேன், தரையில் விரிக்க அதுவே வசதி. புதிதாக வாங்குகிறவர்கள் தென்னிந்திய இயற்கையமைப்புப் படமாகப் பார்த்து, குடகு இருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்த்து வாங்குங்கள்.