இஷாப்பூர் 303: வாங்கும் முன் மரத்தைப் பாருங்கள்

முதல் தடவையாக ஒரு ராணுவ உபரி ரைபிள் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் இஷாப்பூரில் செய்த 303-ஐத்தான் சொல்வேன். முழுப் பெயர் லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். நான் இருக்கும் டெக்சாஸில் ஒரு சின்னத் துப்பாக்கிக் கடையில் 1943 முத்திரை போட்ட ஒன்றை வாங்கி நிறையவே சுட்டுப் பார்த்துவிட்டேன். ரைபிளும் நல்லது, கடையும் நல்லது. கடையில் நின்றுகொண்டு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாங்குகிற பலரும் பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பளபளப்பாக இருக்கிறது என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ரைபிளில் முதலில் பார்க்க வேண்டியது மரம்.

நம்மில் பலருக்கு இது முகம் தெரிந்த துப்பாக்கிதான். ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சென்ட்ரி தோளில் பல காலம் தொங்கியது இது. என்.சி.சி.யில் இருந்தவர்கள் மைதானத்தில் தூக்கிக்கொண்டு நடந்ததும் இதன் டி.பி. ரகத்தைத்தான், அதாவது அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கியதை. மார்க் 3-ஐ பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது 1907-இல். உத்தரப்பிரதேச போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில். இவ்வளவு நீண்ட காலம் பணியில் இருந்த துப்பாக்கிகள் உலகத்திலேயே குறைவு. ஆனால் இந்தியாவில் சாதாரண ஆள் இதை வைத்துக்கொள்ள முடியாது, 303 அங்கே தடை செய்யப்பட்ட துளை அளவு. லைசென்ஸ் உள்ளவர்கள் கையில் 315 ரைபிளைப் பார்க்கிறோமே, அது புழக்கத்தில் இருப்பதற்கே காரணம் ராணுவத் தோட்டாக்களைப் பொதுமக்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதிதான். ஆகவே கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் இஷாப்பூரில் செய்த ரைபிளை வாங்க அமெரிக்காவில் இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கேயும் எல்லோரும் வாங்கிவிட முடியாது. ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அப்புறம் எஃப்.பி.ஐ. நடத்தும் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனை. நம் ஆட்களுக்கு இங்கே பெயரில்தான் தொல்லை வரும், அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுப் பெயரையும் எழுதுங்கள். நடுப்பெயர் இல்லையென்றால் என்.எம்.என்., வெறும் இனிஷியல் மட்டும்தான் என்றால் அதன் பக்கத்தில் ஐ.ஓ. என்று போடச் சொல்லிப் படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. 50 வருடத்துக்கு மேற்பட்ட பழைய துப்பாக்கிகளைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் சேகரிப்பாளர்களுக்கான சி அண்ட் ஆர் லைசென்ஸ் எடுத்துவிடலாம், மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான், பழைய ரைபிள்கள் நேராக வீட்டுக்கே வரும். ஆனால் முதல் ரைபிளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். படத்தில் விரிசல் தெரியாது.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் ஏறி இறங்கிய இடங்களில் ஒரு அடகுக்கடைக்காரர் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் இரும்பு உருளையை, வெளியே எடுக்கவே விடவில்லை, இன்னொருவர் டி.பி. முத்திரை இருந்த ரைபிளை நல்லா சுடும் சார் என்று நீட்டினார். இந்தக் கடையில் அப்படி எதுவும் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அந்தப் பெரியவர் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று எனக்குக் காட்டி, நானும் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் கையில் கொடுத்தார். மேஜை மேல் ஒரு துணியை விரித்து, நிதானமாகப் பாருங்கள் என்று நகர்ந்துகொண்டார். பழைய துப்பாக்கி விற்கிறவரிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான், இதைச் செய்கிறவர்கள் குறைவு. விலை ஐந்நூறு டாலருக்குக் கொஞ்சம் கீழே, பேரம் பேசவில்லை.

முத்திரைகளைப் பார்க்க நேரம் அதிகம் வேண்டாம். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, தோளில் பதியும் பட் கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலது பக்கத்தில் கிரீடம், அரசரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், வருடம், மாடல் எல்லாம் இருக்கும். குடியரசான பிறகு செய்தவற்றில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. (இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை) என்ற எழுத்தும் வரும். எந்த முத்திரையாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், டி.பி. மட்டும் இருக்கக் கூடாது. டி.பி. என்றால் அணிவகுப்புக்கு மட்டும் என்று ராணுவமே ஒதுக்கியது, அதைச் சுடக் கூடாது, யார் என்ன சொன்னாலும். பேரலைத் தாங்கும் முன்கட்டை முழுக்கக் கம்பி சுற்றியிருந்தால் அது கையெறி குண்டு வீசப் பயன்பட்ட ரைபிள். பார்க்க அழகாக இருக்கும், முதல் ரைபிளாக வேண்டாம். இன்னொரு வகை, உருவம் அப்படியே 303, ஆனால் மேகசினில் மரத்துண்டு அடைத்து, பேரல் உள்ளே வழவழவென்று இருக்கும். அது சிறைக் காவலர்களுக்கும் போலீசுக்கும் மாற்றிக் கொடுத்த 410 மஸ்கட், கடையில் கிடைக்கும் 410 தோட்டா அதில் அப்படியே போகாது.

சரி, மரம். லீ-என்ஃபீல்டு மார்க் 3-இல் முன்கட்டை என்பது கைபிடிக்க வைத்த அலங்காரம் கிடையாது. சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கிறதே, அந்த உதையை வாங்கிக்கொள்வது முன்கட்டைக்குள் பின்பகுதியில் இருக்கும் இரண்டு சின்ன மர முகங்கள். அங்கே மரம் சுருங்கியிருந்தாலோ எண்ணெயில் ஊறி நைந்திருந்தாலோ ஒவ்வொரு தோட்டாவுக்கும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, கட்டையின் வால் பக்கத்தைப் பிளந்துவிடும். பேரல் புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த ரைபிள் ஒரே இடத்தில் சுடாது. கடையில் கட்டையைக் கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயம்தான், ஆனால் வெளியிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ரைபிளைத் திருப்பி, பட் கட்டைக்கு முன்னால் இருக்கும் அந்த இரும்பு வளையத்தை முன்கட்டை சந்திக்கும் இடத்தில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். மயிரிழை அளவு என்றாலும் அது விரிசல்தான். அப்புறம் ஒரு கையால் முன்கட்டையையும் இன்னொரு கையால் பட் கட்டையையும் பிடித்து மெதுவாக முறுக்குங்கள், எதுவும் அசையக் கூடாது. முன்கட்டையின் முனையில் இருக்கும் இரும்புத் தொப்பியான நோஸ்கேப் அருகில் பேரலை விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். அதன் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் பேரலை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், அழுத்தினால் இறங்கி, விட்டால் எழ வேண்டும். பல ரைபிள்களில் அந்த ஸ்பிரிங்கே காணாமல் போயிருக்கும். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு தெரிந்தால் பயப்பட வேண்டாம், கட்டை பிளக்காமல் இருக்க இந்தியாவிலேயே போட்டது அது.

இதில் இன்னொரு விஷயம், இதைத் தெரியாமல் நல்ல ரைபிள்களைக் கெடுத்திருக்கிறார்கள். பட் கட்டை லேசாக ஆடினால், இருங்கள் இறுக்கித் தருகிறேன் என்று யாராவது நீளமான ஸ்க்ரூ டிரைவரோடு வருவார். விடாதீர்கள். பட் கட்டையை இறுக்கும் நீளமான திருகாணியின் முனை சதுரமாகச் செதுக்கப்பட்டிருக்கும், அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்பக்கத்தில் உள்ள ஒரு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருகினால் சதுரம் சுழன்று மரத்தை உள்ளிருந்தே பிளக்கும். முதலில் முன்கட்டை, பிறகுதான் பட், இந்த வரிசை மாறவே கூடாது.

மரம் தேறிவிட்டால் போல்ட்டுக்கு வாருங்கள். கைப்பிடியின் பின்னால் ஒரு எண் இருக்கும், போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரின் வலது பக்கம் ஒரு எண் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நோஸ்கேப்பிலும் குறி பார்க்கும் பின்பக்க சைட்டிலும் அதே எண் இருந்தால் மகிழ்ச்சி, இல்லையென்றாலும் பரவாயில்லை. போல்ட் எண் மாறியிருந்தால் மட்டும் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளக்காமல் வாங்காதீர்கள், இந்த ரைபிளில் போல்ட் அந்தந்த ரிசீவருக்காகத் தேய்த்துப் பொருத்தியது. நான் எண் சரியாக இருந்தும் அளக்கச் சொன்னேன். 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், ராணுவக் கணக்கில் 0.074-இல் மூடக் கூடாது. கடையில் கேஜ் இருந்தது, பெரியவரே போட்டுக் காட்டினார், 0.074-இல் கைப்பிடி பாதியிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இதை வாங்கலாம் என்று எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பேரலைப் பார்ப்பது பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து காடிகள், இடது பக்கமாகச் சுழலும். ஓரங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், உள்ளே கொஞ்சம் மங்கலாக இருந்தால் கவலை இல்லை. கார்டைட் மருந்தும் உப்பு விடும் பழைய ப்ரைமரும் (தோட்டாவின் அடியில் தீ மூட்டுவது) போட்டுச் சுட்ட பேரல் கண்ணாடி மாதிரி இருக்காது. வாய்ப்பக்கம் மட்டும் கவனமாகப் பாருங்கள். சிப்பாய்கள் பேரலைச் சுத்தம் செய்யக் கயிறு கட்டிய புல்-த்ரூவை வருடக்கணக்கில் கோணலாக இழுத்து இழுத்தே பேரல் வாயைத் தேய்த்திருப்பார்கள். மருந்தும் ப்ரைமரும் இல்லாத ஒரு டம்மி தோட்டாவை எடுத்துப் போங்கள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதன் முனையைப் பேரல் வாயில் செருகிப் பாருங்கள். குண்டு உள்ளே போய் பித்தளைக் கூடு வரைக்கும் இறங்கினால் வாய் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையதில் நல்ல இடைவெளி நின்றது.

இதே கடையில் ஒரு 2ஏ1-ம் இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உருவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்காக வலுவான எஃகில் இஷாப்பூரிலேயே செய்தது அது. தோட்டா சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம், 303 இங்கே ஒன்று ஒரு டாலருக்கு மேல், எல்லாக் கடையிலும் இருக்காது. ஆனால் நான் பார்த்த அந்த 2ஏ1-க்கு மேலே கனமாகக் கறுப்பு பெயின்ட் பூசியிருந்தது, அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை, வைத்துவிட்டேன். வாங்குகிறவர்கள் அதில் அழுத்தம் அதிகமான வேட்டை 308 தோட்டாக்களைப் போடாமல் ராணுவ அளவு 7.62 மட்டும் சுடுவது நல்லது என்பது என் கருத்து.

சுடுவதற்கு எப்படி? பின்பக்க சைட் 200 கஜத்திலிருந்துதான் தொடங்குகிறது, ஆகவே 100 கஜத்தில் குண்டு மேலே போகும், கீழே குறி வைத்துப் பழகிவிட வேண்டும். செர்பியாவின் பிரவி பார்ட்டிசான் 174 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவில், மூட்டை மேல் வைத்துச் சுட்டால் 100 கஜத்தில் நாலு அங்குலத்துக்குள் விழுகிறது, எண்பது வருட ரைபிளுக்கு இது எனக்குப் போதும். போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மூடும்போதுதான் ஸ்பிரிங் ஏறுகிறது, கைப்பிடியும் குறைவாகத்தான் திரும்ப வேண்டும், அதனால் தோளிலிருந்து எடுக்காமலே பத்துத் தோட்டாவையும் சுட்டு முடித்துவிடலாம். பித்தளை பட் தகடு தோளை உறுத்தும், மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். மேலிருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் போல்ட் நின்றுவிடும், நிரப்பும்போது ஒவ்வொரு விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள். பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் என் ஆலோசனை, வேண்டாம். சில பெட்டிகளில் ட்ரிக்கரை இழுத்துக் கொஞ்சம் கழித்துத்தான் வெடிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சுட்ட அன்றே பேரலில் வெந்நீர் ஊற்றி உப்பைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உப்புத்தாளை எடுத்து மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கும் ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். தேய்த்தால் மரத்தில் இருக்கும் முத்திரைகள் போய்விடும், இரும்போடு சேரும் ஓரங்கள் குறைந்து பொருத்தமும் போய்விடும். கிரீஸைத் துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தால் போதும், ராணுவத்திலேயே அதைத்தான் பூசினார்கள்.

ரைபிளுக்கு ஐந்தில் நாலரை, அந்த அரை குறைந்தது தோட்டா விலைக்காக. கடைக்கு ஐந்துக்கு ஐந்து. போன வாரம் போனபோது ஆர்.எஃப்.ஐ. முத்திரை போட்ட இன்னொரு மார்க் 3 ஸ்டார் வந்திருந்தது, பேரல் என்னுடையதைவிடவே நன்றாக இருந்தது, ஆனால் முன்கட்டையின் வால் பக்கம் விரிசல். பெரியவரே விலைச் சீட்டில் அதைக் குறித்து விலையைக் குறைத்து வைத்திருக்கிறார். மாற்றுக் கட்டை தேடிப் பொருத்தத் தெரிந்தவர்கள் போய்ப் பாருங்கள், முதல் ரைபிள் தேடுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள்.