‘மழை’ ஏன் ‘மலை’யாகக் கேட்கிறது? மிக்ஸில் மாஸ்கிங்கைத் தீர்க்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

போன மாதம் நண்பர் ஒருவரின் பாட்டை மிக்ஸ் செய்து (தனித்தனி ட்ராக்குகளாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகச் சேர்த்து) முடித்து, ஹாலில் கிடந்த சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா பல்லவியைக் கேட்டுவிட்டு, “மலை வந்து தொட்டுச்சுன்னு பாடுறாளே, மலை எப்படிடா வந்து தொடும்?” என்றார். பாடியது ‘மழை’. பாடிய பெண்ணுக்கு ழகரம் அத்தனை சுத்தம், அந்த ட்ராக்கை மட்டும் சோலோவில் போட்டால் நாக்கு மடிவதே கேட்கும். மற்ற ட்ராக்குகள் சேர்ந்ததும் ழ காணாமல் போய் அங்கே ல வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்து நாளாக அதே வரியைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவே இல்லை. வரி மனப்பாடம், காது விட்டதை மனசு நிரப்பிவிட்டது.

இதுதான் மாஸ்கிங், ஒரு ஒலி இன்னொன்றை மறைப்பது. காதுக்குள் இருக்கும் நத்தைச்சுருள் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத்தான் வாங்குகிறது, ஆனால் அந்தச் சல்லடை நாம் நினைக்கிற அளவு நைசானது அல்ல. 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 130 ஹெர்ட்ஸ் அகலம், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 350 ஹெர்ட்ஸ் அகலம் என்று ஒவ்வொரு சன்னலாக அது கேட்கிறது. ஒரே சன்னலில் இரண்டு ஒலி வந்து நின்றால் பலமானது மற்றதை மூடிவிடும். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெச்சர் 1940-லேயே இந்தச் சன்னல் கணக்கை விளக்கிவிட்டார். எம்பி3 கோப்பு அவ்வளவு சின்னதாக இருப்பதும் இந்தக் குறையை வைத்துத்தான். கூடவே ஒன்று, கீழே இருக்கும் ஒலி மேலே இருப்பதை மறைக்கிற அளவுக்கு மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்காது, சத்தம் கூடக் கூட இந்த ஓரவஞ்சனையும் கூடும். ராத்திரி ஸ்பீக்கரை அலறவிட்டு மிக்ஸ் செய்தால் அடி ஒலியான பாஸ் குரலைத் தின்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ழகரத்துக்கு வருகிறேன். ழ சொல்லும்போது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு (வாய்க்குள் ஒலி பலமாகிற அதிர்வெண்களில் மூன்றாவது) நன்றாகக் கீழே இறங்கும், ல சொல்லும்போது மேலேயே நிற்கும். ஏறக்குறைய 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் நடக்கிற வேலை. என் பாட்டில் சரியாக அந்த இடத்தில் இரண்டு அக்கூஸ்டிக் கிடார்கள் ஸ்ட்ரம் வாசித்துக்கொண்டிருந்தன, பிக் கம்பியில் உரசுகிற அந்தச் சரக் சரக் முழுக்க அங்கேதான். பின்னால் ஸ்ட்ரிங்ஸ் வேறு. அதனால் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தேன், கிடைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்வதுபோல ஃபேடரை, அதாவது ட்ராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்குவதை, தொட்டேன். குரலை ஒன்றரை டெசிபல் ஏற்றினால் மழை மழையாகிறது, ஆனால் பாட்டு கரோக்கி ஆகிறது. குரல் முன்னால் தனியாக நிற்க வாத்தியமெல்லாம் பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி. அடுத்து கிடாரும் ஸ்ட்ரிங்ஸும் ஏறும், அப்புறம் குரல் மறுபடி ஏறும், கடைசியில் எல்லாம் வந்து சேரும் மாஸ்டரின் மீட்டர் சிவப்பில் முட்டும். ஃபேடர் சண்டை தெரியாத மிக்ஸ் எஞ்சினியர் இருக்க முடியாது.

இதற்கு நேர் எதிர் வழி, வாத்தியத்தையே எடுத்துவிடுவது. பல்லவியில் இரண்டாவது கிடாரை மியூட் செய்தேன், ஒரு பிளகின் (மிக்ஸ் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் கருவி) இல்லாமல் ழ திரும்பி வந்துவிட்டது. நான் இங்கே ஒப்பிடப்போகிற எல்லாவற்றிலும் ஒலிக்கு ஒரு சேதமும் இல்லாத வழி இதுதான், காசும் ஆகாது. சிக்கல் ஒலியில் இல்லை, மனிதரில் இருக்கிறது. “வாசிச்சவருக்குக் காசு கொடுத்தாச்சுப்பா, ரெண்டும் இருக்கணும்” என்றார் நண்பர். பேசிப் பேசி, பாடகி மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் மட்டும் இரண்டாவது கிடார் என்று பாதிக்கு வந்தார். மீதிப் பாதியைத்தான் நான் கருவிகளை வைத்துத் தீர்க்கவேண்டி இருந்தது. மிக்ஸ் செய்பவர் நீங்களே இசையமைப்பாளரும் என்றால் இங்கேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும், மேலே படிக்காமல்கூடப் போகலாம்.

பேன் செய்து, அதாவது ஒலியை இடது வலது பக்கங்களுக்குத் தள்ளி, பிரிப்பதைப் பலர் பெரிய மருந்தாகச் சொல்வார்கள். ஹெட்ஃபோனில் உண்மைதான். இரண்டு காதுக்கும் வேறு வேறாக வருகிற ஒலியை மூளை தனித்தனியாகப் பிரித்து எடுக்கும், அதுவும் கீழ் அதிர்வெண்களில் நன்றாகவே எடுக்கும். கிடாரை இடது வலது ஓரங்களுக்குத் தள்ளியதும் நடுவில் குரலுக்கு ஒரு வாசல் திறந்தது. ஆனால் அம்மா கேட்ட ஸ்பீக்கர் மோனோ, இடது வலது இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஷேர் ஆட்டோவில் தொங்குவது, டீக்கடையில் இருப்பது, மேசையில் வைத்த போன் எல்லாமே கிட்டத்தட்ட மோனோதான், அங்கே ஓரத்துக்குத் தள்ளிய கிடார் திரும்ப வந்து குரல் மேலேயே ஏறி உட்காரும். ஆகவே பேன் வேண்டாம் என்று சொல்லவில்லை, மோனோவில் தீர்த்துவிட்டு அப்புறம் பேன் செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் தீர்ந்த மாதிரி ஒரு பொய்தான் கிடைக்கும்.

அடுத்தது சாதாரண ஈக்யூ, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏற்றவோ வெட்டவோ உதவுவது. கிடார் பஸ்ஸில் (கிடார் ட்ராக்குகள் எல்லாம் சேரும் இடம்) 2.2 கிலோஹெர்ட்ஸில், அகலமாக, 3 டெசிபல் வெட்டினேன். குரலில் அதே இடத்தை ஏற்றவில்லை. குரலை ஏற்றினால் மூக்கால் பாடுகிற மாதிரி வரும், பக்கத்தில் நிற்பவரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்வதுதான் மரியாதை. நன்றாக வேலை செய்தது. குறை என்னவென்றால் வெட்டு வெட்டுதான், குரல் இல்லாத இடத்திலும் அது அப்படியே இருக்கும். இடையிசையில் கிடார் தனியாக வரும்போது கம்பளி போர்த்திய மாதிரி மந்தமாகக் கேட்டது. ஆட்டோமேஷன் போட்டு, அதாவது பாட்டின் எந்த இடத்தில் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்து, இடையிசையில் வெட்டை நீக்கலாம், நான் பல பாட்டுகளில் அதைத்தான் செய்கிறேன். கொஞ்சம் கைவேலை, ஆனால் என்ன நடக்கிறது என்று கையில் தெரியும்.

சைட்செயின் கம்ப்ரசர் (ஒரு ஒலி வரும்போது இன்னொன்றின் சத்தத்தை இறக்கும் கருவி) கிடாருக்குச் சுத்தமாகச் சரிப்படவில்லை. குரல் வந்ததும் கிடார் முழுசாக, அடியும் மினுமினுப்பும் சேர்த்து, 3 டெசிபல் இறங்குகிறது, குரல் நின்றதும் ஏறுகிறது. எஃப்எம்மில் ஆர்ஜே பேச வாயைத் திறந்ததும் பாட்டு பதுங்குமே, அதே எஃபெக்ட். சண்டை நடப்பது 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், அதற்காக 200 ஹெர்ட்ஸில் இருப்பவரையும் ஏன் அடிக்கவேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில்தான் டைனமிக் ஈக்யூ. வெட்டும் இடம் ஈக்யூ மாதிரி, வெட்டும் நேரம் கம்ப்ரசர் மாதிரி. டோக்கியோ டான் காரர்களின் இலவச பிளகினான நோவாவை கிடார் பஸ்ஸில் வைத்து, குரலை அதன் சைட்செயினுக்கு அனுப்பி, 2.2 கிலோஹெர்ட்ஸ் பேண்ட் மட்டும் அதிகபட்சம் 4 டெசிபல் இறங்கும்படி வைத்தேன். அட்டாக் (இறங்க எடுக்கும் நேரம்) 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (திரும்ப ஏற எடுக்கும் நேரம்) 120. பார்க்க அழகாக இருக்கும்: ‘ம’ சொல்லும்போதே பேண்ட் இறங்கத் தொடங்கிவிடும், ‘ழை’ வரும்போது இடம் காலியாகத் தயாராக இருக்கும். குரல் நின்றால் கிடார் தன் பளபளப்போடு திரும்பிவிடும். சாதாரண ஈக்யூவை விட இது மேல் என்பேன், ஆனால் பெரிய வித்தியாசத்தில் இல்லை. த்ரெஷோல்ட் (எந்த அளவு சத்தத்தில் வெட்டு தொடங்கவேண்டும் என்பது) சரியாக உட்காரும் வரை அரைமணி நேரம் போனது, அந்த நேரத்தில் ஆட்டோமேஷனே போட்டிருக்கலாம். ஆனால் ஒரு ஆல்பத்தில் எட்டுப் பாட்டுக்கும் இதே குரல் இதே கிடார் என்றால் அரைமணி நேரம் வீண் இல்லை.

கடைசியாகப் பெரிய ஆயுதங்கள். வேவ்ஸ்ஃபாக்டரியின் ட்ராக்ஸ்பேசர் பிளகின் குரலை 32 பேண்டாகப் பார்த்து, அதன் தலைகீழ் வடிவத்தைக் கிடாரிலிருந்து நொடிக்கு நொடி செதுக்குகிறது. ஓக்சவுண்டின் சூத் 2-விலும் சைட்செயின் வைத்து இதே மாதிரி வேலை வாங்கலாம். ஒரே ஒரு குமிழ், திருப்பினால் குரல் திரை விலகிய மாதிரி வெளியே வருகிறது. முதல் தடவை கேட்டால் மயங்கிவிடுவீர்கள், நானும் மயங்கினேன். 40 சதவீதத்தில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போட்டுக் காட்டினால் அம்மா, “மழை சரியா கேக்குது. ஆமா, அந்த கிடாரை ஏன் எடுத்துட்டே?” என்றார். எடுக்கவில்லை, இருந்தது. எலும்பு இருந்தது, சதை போய்விட்டது. 15-க்கு இறக்கி, 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே தொடாதே என்று வடிகட்டி வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இறக்கினால் நோவா தந்ததற்கும் இதற்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இருபது ட்ராக் அடுக்கிய ஸ்ட்ரிங்ஸ், நாளைக் காலை டெலிவரி, எங்கே இடிக்கிறது என்று தேட நேரமில்லை என்றால் இது தெய்வம். கிடாருக்கும் குரலுக்கும் நடுவில் தேவையில்லை.

இது நடுப்பகுதியின் கதை. பாஸும் கிக்கும் இருக்கும் அடிப்பகுதியில் தீர்ப்பு அப்படியே மாறுகிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

பாட்டு இரண்டு கட்டை, அதாவது சுருதி டி. கிக் டிரம்மின் பலம் 60 ஹெர்ட்ஸில். நடுப்பகுதியில் ஈக்யூ நன்றாக வேலை செய்ததே என்று பாஸ் கிடாரில் 60 ஹெர்ட்ஸை 4 டெசிபல் வெட்டினேன். டி கார்டில் எல்லாம் சரி. பி மைனர் வந்ததும் பாஸ் திடீரென்று மயக்கம் போட்டு விழுந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் வாசித்தவரைத் திட்டினேன், அப்புறம்தான் உறைத்தது: பாஸ் வாசித்த அந்த பி ஸ்வரம் 61.7 ஹெர்ட்ஸ். வெட்டு சரியாக அதன் கழுத்தில் விழுகிறது. டி 73.4-இல் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. குரலோடு மோதிய பிக் சத்தம் எந்தக் கார்டு வந்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும், பாஸின் அடித்தளமோ ஸ்வரத்துக்கு ஸ்வரம் நகரும். நகருகிற ஆளுக்கு நிலையான வெட்டு சரிவராது.

அதனால் கிடாருக்குத் தோற்ற சைட்செயின் கம்ப்ரசர் இங்கே ஜெயிக்கிறது. கிக் அடிக்கும்போது பாஸ் முழுக்க 3 டெசிபல் இறங்கட்டும், எந்த ஸ்வரமாக இருந்தால் என்ன. ரீப்பர் என்ற மிக்ஸ் மென்பொருளோடு வருகிற ரியாகாம்ப் கம்ப்ரசர் போதும். ரிலீஸை மட்டும் பார்த்து வையுங்கள்: என் பாட்டு நிமிடத்துக்கு 96 தட்டு, பாஸ் அரைத்தட்டுக்கு ஒன்றாக, அதாவது 312 மில்லிசெகண்டுக்கு ஒரு ஸ்வரமாக நடக்கிறது. ரிலீஸ் 100 சுற்றி இருந்தால் அடுத்த ஸ்வரத்துக்குள் பாஸ் எழுந்து நின்றுவிடும். 300-க்குப் போனால் கிளப் பாட்டு மாதிரி பம்ப் அடிக்கும், அது வேண்டியவர்களுக்கு அதுவே அழகு. டைனமிக் ஈக்யூவில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் இறக்கினால் பாஸின் கம்பிச் சத்தம் ஆடாமல் இருக்கும், இன்னும் கொஞ்சம் சுத்தம். பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

மிருதங்கத்துக்கு எதுவுமே சரிவரவில்லை. சரணத்தில் கிக்கும் மிருதங்கமும் சேர்ந்து வருகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) கரணை என்கிற கறுப்புப் பூச்சு இருப்பதால் அதன் மேல்சுரங்கள் குரல் போல, கம்பி போல ஒழுங்கான மடங்குகளாக வருகின்றன, சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதிய விஷயம் இது. சுருதிக்குச் சேர்த்துக் கட்டிய வாத்தியம் வேறு. ஆக அதன் மேல்சுரங்கள் பாடகியின் ஆதார ஷட்ஜத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒலிகள் மோதுகிற இடத்தைக் காட்டும் பிளகின்கள் இந்த இடத்தில் திரை முழுக்கச் சிவப்பைக் காட்டின. எனக்கு அந்தச் சிவப்பின் மேல் பெரிய மதிப்பு இல்லை. இரண்டு ஒலி ஒரே இடத்தில் இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது, ஒன்று மற்றதைக் கெடுக்கிறது என்று சொல்லவில்லை. சுருதி சேர்வது என்பதே ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதானே, தம்பூராவை அந்தத் திரையில் பார்த்தால் அது குற்றவாளி. வலந்தலையை அப்படியே விட்டுவிட்டேன். தொப்பியின் (இடது பக்கத்தின்) ‘தொம்’ மட்டும் கிக்கின் வாலுக்கு, அதாவது அடித்தபின் நீளும் ஒலிக்கு, அடியில் சிக்கிக்கொண்டிருந்தது, அங்கே கிக்கின் வாலைக் குறுக்கி, தொப்பி விழுகிற தட்டுகளில் கிக்கையே எடுத்துவிட்டேன். நண்பர் இதற்கு மறுப்பே சொல்லவில்லை, கிக் சாம்பிளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லையே.

எல்லாம் முடித்து அனுப்பியபின் காரில் கேட்டுவிட்டு அவர் போன் செய்தார். கிக் நன்றாகப் பலமாகிவிட்டது, எத்தனை டெசிபல் ஏற்றினாய் என்று. அந்த ஃபேடரை முதல் நாளிலிருந்தே தொடவில்லை.