கோகோபீட் கண்டெய்னர்: லூஸ் லோடிங்கா, பேலட்டா?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கோகோபீட் (அழுத்திக் கட்டியாக்கிய தென்னை நார்க்கழிவு) ஏற்றுமதிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும், பேலட் எனும் அடுக்குப் பலகையில் வைக்காமல் கட்டிகளை அப்படியே கண்டெய்னருக்குள் அடுக்கும் லூஸ் லோடிங்தான் என்று ஏற்றுகூலியை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். சரக்கு இறங்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

40 அடி ஹைக்யூப்பில் (உயரம் கூடிய கண்டெய்னர்) 25 டன் என்றால் 5 கிலோ கட்டி 5,000. லூஸ் லோடிங்கில் அத்தனையும் கைமாறிக் கைமாறித்தான் உள்ளே போகும். பேலட் செலவு கிடையாது, ஃபோர்க்லிஃப்ட் தேவையில்லை, நல்ல ஆட்கள் அமைந்தால் போதும். ஆனால் பிரஸ்ஸில் சரியாக அழுந்தாத கட்டி அடி வரிசையில் மாட்டினால், மேல்பாரம் தாங்காமல் ஓரம் உதிர்ந்துவிடும். கதவோரம் வலையோ பிளைவுட்டோ கொடுத்துத் தடுக்காவிட்டால், கடைசி வரிசை கதவைத் திறக்கிறவர் மேலேயே சரியும். எங்கோ ஒரு ஊரில் கதவைத் திறக்கப்போகும் அந்த ஆளை நினைத்தாவது இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பேலட்டில் கட்டிகளை அடுக்கி ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் (இழுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாள்) சுற்றிவிட்டால் அடுக்கு கலையாது. 1.1 மீட்டர் சதுர பேலட் என்றால் இரண்டிரண்டாகப் பத்து வரிசை, மொத்தம் 20 நிற்கும். பேலட் ஒன்று 20 கிலோ என்று வைத்தால் மரம் மட்டுமே 400 கிலோ, அதாவது 80 கட்டியின் எடை. 2016 ஜூலை முதல் கப்பலேறும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் கொடுக்க வேண்டிய விஜிஎம் எடையில் (பெட்டியும் சரக்கும் சேர்ந்த, சரிபார்த்த மொத்த எடை) அதுவும் சேரும்.

பேலட்டில் நான் அதிகம் பயப்படுவது மரத்துக்குத்தான். ஐஎஸ்பிஎம் 15 என்ற, மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதிப்படி, வழக்கமான சூடேற்றும் முறை என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். அதற்கான முத்திரை பேலட்டில் தெரிய வேண்டும். முத்திரை இல்லாத பேலட் கலந்துவிட்டால் சரக்கு இறங்கும் நாட்டு குவாரன்டைனில் சரக்கே நின்றுபோகலாம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் பேலட்டுக்கு இந்த விதி இல்லை, விலைதான் கூடுதல். யார்டில் ரேம்ப் இல்லையென்றால் இன்னொரு தொல்லை: டிரெய்லர் மேல் நிற்கும் கண்டெய்னருக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏற முடியாது. கதவோரம் வைத்த பேலட்டை ஹேண்ட் டிராலியால்தான் உள்ளே தள்ள வேண்டும்.

ஈரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். காயாத கட்டியோ ஈரம் காயாத மர பேலட்டோ உள்ளே போனால் வழியில் கண்டெய்னர் கூரை வியர்த்துச் சொட்டும், பூஞ்சை பிடிக்கும். காலிப் பெட்டி வந்ததும் ஓர் ஆள் உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்க்கட்டும். வெளிச்சம் எங்காவது ஊசிமுனை அளவு தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம்.

என் முடிவு இதுதான். ஆட்கூலி அதிகமான நெதர்லாந்து போன்ற இடங்களுக்குப் பேலட்தான்; 5,000 கட்டியைக் கையால் இறக்குவது அங்கே கட்டுப்படியாகாது. கொரியா, சீனா பையர் லூஸாகவே கேட்டால் தாராளமாக அனுப்பலாம், கட்டி உறுதியாக இருந்தால் போதும். கொட்டேஷன் போடும்போதே இரண்டுக்கும் தனித்தனி விலை கொடுத்து, எது வேண்டும் என்பதை ஆர்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.