கொச்சியில் ஒரு முழு நாள்: படகில் போய், நடந்து சுற்றியது

கொச்சிக்கு ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். எர்ணாகுளத்தில் நேரத்தைக் கழிக்காமல் காலையிலேயே ஹைகோர்ட் டெர்மினலுக்குப் போய் வாட்டர் மெட்ரோ படகில் ஏறுங்கள், ஃபோர்ட் கொச்சியில் இறங்குங்கள், அப்புறம் முடிந்தவரை நடங்கள். நானும் அம்மாவும் கோவையிலிருந்து முதல் நாள் இரவே போய்த் தங்கிவிட்டு ஒரு புதன்கிழமை முழுக்க அப்படித்தான் சுற்றினோம். கிழமையை யோசித்துத்தான் எடுத்தோம், ஏனென்றால் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர்களின் ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை இது, ஃபோர்ட் கொச்சிக்கு ஓட ஆரம்பித்தது 2024இல். நாங்கள் போனபோது டிக்கெட் 40 ரூபாய். கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டிய படகுகள், பேட்டரியில் ஓடுகின்றன, ஏசி உண்டு, உட்கார்ந்தும் நின்றும் நூறு பேர் போகலாம். டீசல் வாடையும் இல்லை, தடதடப்பும் இல்லை. ஆனால் எனக்கு இதெல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது வேறு. அம்மாவுக்கு மூட்டுவலி, சமதரையில் எவ்வளவு தூரமானாலும் நடந்துவிடுவார், படி என்றால்தான் பயம். இங்கே படகுத்துறையே மிதக்கிறது, தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அதுவும் கூடவே ஏறி இறங்குவதால் படகின் தளமும் துறையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அம்மா என் கையைக்கூடப் பிடிக்காமல் வீட்டு வாசலைத் தாண்டுவது போல உள்ளே போய் உட்கார்ந்தார். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்பவர்களுக்குப் பழைய அரசுப் படகுகள் இருக்கின்றன, இதைவிட மலிவு.

இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சீன வலைகள். படத்தில் எல்லோரும் பார்த்ததுதான், ஆனால் அது வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வலையைத் தண்ணீருக்குள் இறக்க, ஒருவர் வலையைத் தாங்கும் அந்தப் பெரிய மர உத்தரத்தின் மேல் நடந்து போகிறார், அவர் உடம்பு எடைக்கே மொத்த வலையும் தணிந்துவிடுகிறது. மறுமுனையில் கயிறுகளில் பெரிய பெரிய கற்கள் தொங்குகின்றன, துலா மாதிரி. ஐந்தாறு பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கும்போது அந்தக் கற்கள் பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. நாங்கள் பார்த்தபோது நான்கு முறை தூக்கினார்கள், கிடைத்தது ஒரு கைப்பிடி மீனும் இரண்டு நண்டும். என்னையும் இழுக்கக் கூப்பிட்டார்கள், இழுத்துவிட்டு நூறு ரூபாய் கொடுத்தேன். தயவுசெய்து நீங்களும் கொடுங்கள், மீனை மட்டும் நம்பி அந்த வலைகளை வைத்திருப்பது கஷ்டம்.

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் பத்து நிமிட வேலை. 1524இல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடம், 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. மேலே தொங்கும் துணி விசிறிகளை அந்தக் காலத்தில் ஆட்கள் வெளியே நின்று கயிற்றால் இழுப்பார்களாம்.

அங்கிருந்து வெளி என்ற பகுதியில் உள்ள சலவைத்துறைக்கு, தோபி கானா என்று கேட்டால் வழி சொல்வார்கள், கட்டாயம் போங்கள். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே இன்னும் அதே தொழில் செய்கிறார்கள். இப்போதிருக்கும் கட்டடம் 1976இல் வந்தது. வரிசையாகத் தொட்டிகளும் துவைகற்களும், பின்னால் பெரிய வெட்டவெளி முழுக்கக் கொடி. ஒரு கிளிப்கூடக் கிடையாது, இரட்டைக் கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் அசையாது. உள்ளே ஒரு அம்மா கரி இஸ்திரிப் பெட்டியால் கஞ்சி போட்ட வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து, "எந்த ஊரு நீங்க?" என்றார். "கோயமுத்தூருங்க" என்றார் என் அம்மா. அவ்வளவுதான், அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். அந்தத் தமிழில் மலையாளம் கலந்திருந்தது, ஆனால் "கஞ்சி பதமா இருக்கணும், இல்லன்னா துணி ஒடஞ்சிரும்" என்று அவர் சொன்னதற்கு அம்மா தன் அம்மாவும் அதையே சொல்வார் என்றார்.

அப்புறம் மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ பிடித்தோம், அங்கேதான் ஏமாந்தோம். ஐம்பது ரூபாய்க்கு எல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஏற்றிய ஓட்டுநர் ஒருவர் மூன்று கைவினைக் கடைகளில் இறக்கிவிட்டு முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிட்டார். போகும் இடத்தைச் சொல்லி, வாடகையைப் பேசி, வழியில் கடை வேண்டாம் என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்குக் காயீஸ் என்ற கடையில் பிரியாணி. சிறுமணி அரிசி, காரம் கம்மி, நெய் வாசனை, பக்கத்தில் பேரீச்சம்பழ ஊறுகாய். நம் ஊர் பிரியாணியை எதிர்பார்த்துப் போனால் சப்பென்று தோன்றலாம், எனக்கு இரண்டாவது கவளத்தில் பிடித்துவிட்டது. சீக்கிரம் போங்கள், தீர்ந்துவிடும்.

அரண்மனையைப் போர்த்துக்கீசியர்கள் 1555இல் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர். உள்ளே ராமாயணச் சுவரோவியங்களுக்கு மட்டும் நேரம் கொடுங்கள், மற்றதை வேகமாகப் பார்க்கலாம். ஜெபாலயம் 1568ஐச் சேர்ந்தது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள், கையால் வரைந்தவை. யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், தெரு மட்டும் அவர்கள் பெயரில் இருக்கிறது.

திரும்பும்போது பஜார் ரோட்டில் நடந்தே வாருங்கள். பழைய கிடங்குகள், மூட்டைகள், சுக்கு, மிளகு வாசனை. அம்மா அரைக்கிலோ சுக்கு வாங்கினார், யூதர் தெருவில் சொன்ன விலையைவிட நன்றாகவே குறைவு. கடற்கரையில் உட்கார்ந்து சூரியன் இறங்கியதும் படகேறினோம். ஏசி படகு, கதவு மூடியதும் பையிலிருந்து வாசனை கிளம்பிவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, "சுக்காணோ?" என்று, சுக்கா என்பதை மலையாளத்தில் கேட்டார். அம்மா பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.