கிளியோபிளாஸ்டோமா: கேப்சூலா, நானோ துகளா?

"நானோ துகள்ல மருந்து நேராக் கட்டிக்கே போகுதாமே, எதுக்குங்க இந்தக் கேப்சூல்?" கிளியோபிளாஸ்டோமா (மூளையில் வேகமாக வளரும் புற்றுநோய்க் கட்டி) என்ற பயாப்சி ரிப்போர்ட்டோடு வரும் சேலத்துக் குடும்பங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் இன்றைக்கு என் ஓட்டு டெமோசோலமைடு என்ற கீமோ கேப்சூலுக்கே. நானோ, பதிவு செய்த ஆய்வில் இடம் கிடைத்தால் மட்டும்.

நானோவில் சிக்கல் வழியில்தான். ரத்தத்தில் ஏற்றும் துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பலவகைக் கட்டிகளில் நடந்த விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது (2016), கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். மூளைக்கோ ரத்தக் குழாய்ச் சுவரே இன்னொரு வேலி. அதை அல்ட்ராசவுண்டால் சற்று நேரம் திறந்து, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் கட்டிய பேக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தை நானோ துகளாக ஏற்றிய முதல்கட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. 17 பேர். ஆயுள் நீளுமா என்று சொல்ல அது போதாது. கேப்சூலுக்கு 573 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு இருக்கிறது: ரேடியேஷனோடு சேர்த்தபோது இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4-இலிருந்து 26.5 சதவீதமானார்கள்.

எனக்கு முடிவான காரணம் வேறு: கொடுத்த மருந்தை நிறுத்த முடியுமா, அதன் பலனைக் கண்ணால் பார்க்க முடியுமா? ஐரோப்பாவில் அனுமதி பெற்ற இரும்பு ஆக்ஸைடு முறையில் துகளைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்திக் காந்தப்புலத்தில் சூடாக்குவார்கள். இரும்பு அங்கேயே தங்கும். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் கருத்து மறைந்துவிடும். கட்டி திரும்பியதா என்று பார்க்க சி.டி.தான் கதி. பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முன்பே எடுக்க வேண்டும். கேப்சூல் அப்படியில்லை. பாதி மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். ரத்த அணுக்கள் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் இறங்கும் என்பதால், அடுத்த சுற்றுக்கு முன் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) கட்டாயம். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கும் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 1,500-க்கும் கீழே என்றால் சுற்றைத் தள்ளிப்போடுவார்கள், தேவைப்பட்டால் அளவையும் குறைப்பார்கள். இந்தப் பரிசோதனைக்குச் சேலத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

அளவு: ரேடியேஷன் நடக்கும் ஆறு வாரமும் தினமும், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மி.கி.; உடல் பரப்பு 1.6 என்றால் 120, அதாவது 100-ம் 20-ம். ரேடியேஷனுக்குச் சனி ஞாயிறு லீவு, கேப்சூலுக்குக் கிடையாது. பலர் தவறுவது இங்கேதான். பிறகு 28 நாளுக்கு 5 நாள், சதுர மீட்டருக்கு தினமும் 150-இலிருந்து 200 மி.கி. வரை. அப்போது வெறும் வயிற்றில், படுக்கும் முன், ஆன்டன்செட்ரான் (வாந்தியைத் தடுக்கும் மாத்திரை) போட்ட பிறகு. வாந்தியில் போனாலும் அன்று மறுபடி போடக் கூடாது. ஏற்காட்டுக்காரர்கள் அந்த ஆறு வாரம் கீழேயே தங்குவது நல்லது. தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் குமட்டல் மருந்தாலா மலையாலா என்றே தெரியாது. கேப்சூலைப் பிரிக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தகர அலமாரியிலும் வைக்க வேண்டாம்.

எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் (மருந்து செய்த சேதத்தைக் கட்டி சரிசெய்துகொள்ள உதவும் மரபணு அடங்கியிருப்பது) இல்லாதவர்களுக்குக் கேப்சூலின் பலன் குறைவு. அவர்கள் விஷயத்தில் என் சாய்வும் தளரும். நானோ ஆய்வு பற்றி ரேடியேஷன் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கீமோ எடுத்தவர்களைச் சில ஆய்வுகள் சேர்ப்பதில்லை. சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் காட்டாமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.